விஞ்சுதலும் மிஞ்சுதலும்

எங்கள் காலத்து யாழ்ப்பாணத்தில் தவணைப் பரீட்சை முடிந்ததும் வீட்டில் கேட்கும் முதற் கேள்வி, "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு வளர்ந்த எங்களுக்குப் பண்டிதர் ஐயா ஒரு பாடவேளை முழுவதும் விஞ்சு, மிஞ்சு என்ற இரண்டு வினைச்சொற்களைப் படிப்பித்தார்.

முதலில் மூன்று பழமொழிகளைக் கரும்பலகையில் எழுதினார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. கெஞ்சினால் மிஞ்சுவார், மிஞ்சினால் கெஞ்சுவார். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். ஒன்றில் எல்லை கடப்பது, அடுத்ததில் அடங்காமல் எகிறுவது, மற்றதில் தன் தேவை போக எஞ்சுவது. 'குருவை மிஞ்சிய சீடன்' என்று இரண்டாம் வேற்றுமையோடு வரும்போதுதான் ஒருவரைத் தாண்டி உயர்வதாகும். விஞ்சு என்ற சொல்லுக்கு அந்த உயர்வே உரியது. மிஞ்சிய சோறு உண்டு, விஞ்சிய சோறு இல்லை. "மிஞ்சிப்போனால் பத்து ரூபாய்" என்போம். அங்கே விஞ்சுவதற்கு வேலையே இல்லை.

"ஐயா, ஒருவன் விஞ்சினால் மற்றவன் தோற்றவன்தானே?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். ஐயா 68ஆம் குறளை எழுதினார்.

தம்மின்தம் மக்கள் அறிவுடைமை மாநிலத்து
மன்னுயிர்க் கெல்லாம் இனிது.

பரிமேலழகர் 'தம்மின்' என்பதை 'இனிது' என்பதோடு கூட்டி, மக்களின் அறிவுடைமை பெற்றோரைவிட உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனிது என்று உரைப்பார். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, 'தம்மிலும் அறிவுடைய மக்கள்' என்று கொள்வதே தமக்கு விருப்பம் என்றார். பிள்ளை தகப்பனை விஞ்சுகிறான். தோற்றவர் எவருமில்லை, ஊரே மகிழ்கிறது. "நீங்கள் என்னை விஞ்ச வேண்டும். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்" என்றார். எத்தனையாம் பிள்ளை என்று ஒருநாளும் கேட்காத மனிதர் அவர். அவரிடம் படித்தது எங்கள் பேறு.

அந்தப் பாடத்தினால்தானோ என்னவோ, இங்கே லண்டனில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கும்போது 'சாதனையை முறியடித்தார்' என்ற தொடர் எனக்கு உறுத்துகிறது. முறியடிக்க வேண்டியவை படையெடுப்பும் சதியும். முன்னவர் வியர்வை சிந்தி ஓடிய ஓட்டத்தை ஏன் முறிக்க வேண்டும்? 'விஞ்சினார்' என்றால் முன்னவர் பெருமையும் அப்படியே நிற்கும், புதியவரும் உயர்வார். எங்கள் பாடசாலை மலரின் இல்ல விளையாட்டுப் போட்டிப் பக்கத்திலாவது இனி அப்படி எழுதும்படி மலர்க்குழுவை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.