கில்ட் ஊக்கும் மிளகளவு ஓட்டையும்

எடின்பரோவில் ஒரு பழைய துணிக்கடையில் 60 பவுண்டுக்குக் கில்ட் கிடைத்தது, ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கம்பளிப் பாவாடை. பிளாக் வாட்ச் டார்ட்டன், கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம். இங்கே குலத்துக்குக் குலம் கட்டம் மாறும். இதை எந்தக் குலத்துக்காரரும் கட்டலாம், குலமே இல்லாதவரும் கட்டலாம் என்பதால் என்னைப் போன்ற வந்தேறிக்கு வசதி. வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தபோதுதான் மேல் மடிப்பின் வலது கீழ் மூலையில் மிளகளவு ஓட்டை கண்ணில் பட்டது. மடிப்பைத் தூக்கினால் அதற்கு நேராக உள் மடிப்பிலும் ஒன்று. மேல் மடிப்பில் அழகுக்குக் குத்தும் ஊக்கை, முன்பு கட்டியவர் இரண்டு மடிப்புக்கும் சேர்த்துக் குத்தியிருக்கிறார்.

புடவைக்குக் கொசுவம் முன்னால், கில்ட்டுக்குக் கொசுவம் பின்னால். முன்பக்கம் தட்டையான இரண்டு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மேல் மடிப்பு கட்டியவரின் வலப்பக்கம் வந்து முடியும், அந்த ஓரத்தில் குஞ்சம் விட்டிருப்பார்கள். இடுப்பில் தோல்வாரும் பக்கிளும் இருப்பதால் ஊக்குக்குப் பிடித்து நிறுத்தும் வேலையே கிடையாது. காற்றில் கில்ட் பறந்து தவித்த சிப்பாய்க்கு விக்டோரியா ராணி தன் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்துகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். நடக்கும்போது மேல் மடிப்பு ஒரு பக்கம் போகும், உள் மடிப்பு இன்னொரு பக்கம் போகும். உட்கார்ந்தால் இன்னும் மோசம். நடுவில் மாட்டிய இரும்பு சும்மா இருக்குமா?

ஓட்டையை அடைக்க இரண்டு மாலை ஆயிற்று. நிறம் பொருந்திய நூலுக்கு அலையவில்லை. அகலமான துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒட்டுப் போட்டுத்தான் 8 கெஜக் கில்ட்டைத் தைப்பது வழக்கம். ஒட்டுப் போட்ட இடம் ஏதாவதொரு கொசுவத்துக்குள் ஒளிந்திருக்கும். அங்கே மிஞ்சிய ஓரத்திலிருந்து பச்சையில் நாலு, நீலத்தில் நாலு இழை உருவினேன். நெசவு இரண்டு மேல், இரண்டு கீழ் என்று போகும் ட்வில். அதே கணக்கில் ஊசியை விட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும், கட்டிக்கொண்டு நடந்தால் தெரியாது.

அடுத்தது ஊக்கு. நான் வாங்கியது வாள் வடிவம், பிடியில் கலைமான் தலை. பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் வார்த்தது, பின்னால் எஃகுக் கம்பி. சமையலறைத் தராசில் 31 கிராம். கம்பி நுனியைப் பழைய நைலான் காலுறை ஒன்றின் மேல் இழுத்துப் பார்த்தேன், உடனே நூல் இழுபட்டது. கண்ணுக்குத் தெரியாத பிசிறு! இதைக் கம்பளியில் விட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஓர் இழை அறுந்திருக்கும். 1000 எண் உப்புத்தாள், பிறகு 2000. காலுறையில் வழுக்கிக்கொண்டு போகும்வரை தேய்த்தேன். புது ஊக்கு வாங்குகிறவர்கள் இந்த ஒன்றையாவது செய்துவிடுங்கள்.

கில்ட்டில் நேராகக் கை வைக்கத் துணிச்சல் இல்லை. 16 அவுன்ஸ் கில்ட் துணியில் ஒரு கைக்குட்டை அளவுத் துண்டு வாங்கி அதில்தான் சோதனை.

முதலில் வெறுமனே குத்தினேன். மூன்று நான்கு இழையை மட்டும் கவ்வினால் ஊக்கு சரிந்து தொங்குகிறது, அந்த இழைகள் மறுநாள் காலையில் வில் போல வளைந்து நிற்கின்றன. ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் கவ்வினால் பாரம் பல இழைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. கழற்றிய பிறகு இருந்த துளையில் நகத்தால் குறுக்கும் நெடுக்கும் நீவி ஆவி காட்டினேன், மறைந்துவிட்டது. கூர் சரியாக இருந்தால் கம்பி இழையை அறுப்பதில்லை, விலக்கிக்கொண்டு போகிறது. கம்பளிக்குத் திரும்பி வரும் குணம் உண்டு. பட்டிடம் அந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது.

பட்டு என்றதும் அம்மா ஞாபகம் வந்து போன் போட்டேன். "புடவைக்கு ஊக்கு குத்துறப்ப ஒரு மணியை முதல்ல கோத்துக்கிட்டுக் குத்துடா. இல்லேன்னா துணி அந்தச் சுருளுக்குள்ள போய் மாட்டிக்கும். ஆமா, பாவாடை கட்டிக்கிட்டு ஆபீசுக்கா போறே?" பாவாடைக்குப் பதில் சொல்லாமல் மணியை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் ஊக்கில் சுருள் இல்லை, கீல்தான். அந்த இடுக்கிலும் துணி கடிபடத்தான் செய்கிறது. சட்டைப் பொத்தான் அளவில் மெல்லிய தோலை வெட்டி, நடுவில் துளையிட்டுக் கம்பியின் அடியில் கோத்தேன். கடிபடுவது நின்றது.

காந்தம் வைக்கலாம் என்று அலுவலக நண்பர் சொன்னார். துணித்துண்டைத் தொடையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்ததில் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. சாவிக்கொத்தையும் பாசத்தோடு இழுத்துக்கொண்டது. விட்டுவிட்டேன்.

கடைசியாகத் தோன்றியதுதான் எனக்குப் பிடித்தது. ரவிக்கை ஹூக்குக்கு நூலாலேயே வளையம் கட்டுவோமே, அதே போல இரண்டு வளையங்களைத் துணியின் முன்பக்கம், ஒன்றின் கீழ் ஒன்றாக, இரண்டு அங்குல இடைவெளியில் கட்டினேன். கம்பி வளையங்களுக்குள் நுழைந்து வெளியே வருகிறது, துணியைத் தொடுவதே இல்லை. கரும்பச்சைப் பருத்தி நூல். மேலே வாள் மறைத்துக்கொள்வதால் வளையம் வெளியே தெரியாது. மெல்லிய ஊசி என்பதால் தையல் போட்ட தடமும் இல்லை.

கில்ட்டில் இடம் குறித்தேன். அடிக்கரையிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே, குஞ்சத்திலிருந்து 4 உள்ளே, செங்குத்தாக. மேல் மடிப்பில் மட்டும். கில்ட்டின் அடியை மடித்துத் தைப்பதில்லை, தறியில் விழுந்த கரையே அடிவிளிம்பு. கரையில் ஊக்கு இழுத்தால் மறைக்க வழியில்லை என்பதால் கீழே வரவே கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிந்ததும் ஆட்டம். அந்த ஆட்டத்தை இங்கே கேலி என்கிறார்கள். நான் ஆடியதைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் புரிந்திருக்கும். 'ஸ்ட்ரிப் த வில்லோ' என்றொரு ஆட்டம், எதிரே வரும் ஒவ்வொருவரின் கையையும் கோத்துச் சுழன்றுகொண்டே போக வேண்டும். நாலாவது சுழற்சியில் கலைமான் கொம்பு ஒரு பெண்மணியின் லேஸ் கவுனில் மாட்டியது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "டப்" என்று சத்தம்.

போச்சு, இன்னொரு ஓட்டை என்று நினைத்துக் குனிந்தேன். மேல் வளையத்தின் நூல்தான் அறுந்திருந்தது. ஊக்கு கீழ் வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கில்ட்டுக்கு ஒன்றுமில்லை. லேஸிலும் ஒரு நூல் இழுபட்டதோடு சரி. மன்னிப்புக் கேட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து யோசித்தேன். பாலியஸ்டர் நூலாக இருந்திருந்தால் நூல் நின்று துணி போயிருக்கும். வீட்டில் வேறு நூல் இல்லாமல் எடுத்த பருத்தி நூல் ஃபியூஸ் கம்பி மாதிரி தான் அறுந்து துணியைக் காப்பாற்றியிருக்கிறது. அடுத்த தடவையிலிருந்து தெரிந்தே அதைத்தான் போடுகிறேன்.

கொம்பு நுனிகளை அரத்தால் மழுக்கிவிட்டேன். மான் கொஞ்சம் பசுமாட்டுச் சாயலுக்கு வந்துவிட்டது, பரவாயில்லை. கட்டி முடித்ததும் ஊக்கைக் கழற்றித் தகரப் பெட்டியில் தனியாக வைக்கிறேன். அலமாரியில் தொங்கும் கில்ட்டில் ஊக்கு இருந்தால் இரவும் பகலும் ஒரே இடத்தில் பாரம். வெள்ளி ஊக்கு என்றால் இன்னொரு காரணமும் உண்டு, கம்பளியில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

இப்போது மாட்டியிருப்பது மூன்றாவது ஜோடி வளையம். ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் பேக்பைப் வாசிக்கும் குழுக்களுக்கான உலக பைப் பேண்டுப் போட்டி. திறந்த வெளி, நல்ல காற்று இருக்கும். பச்சை நூலும் ஊசியும், கில்ட்டின் முன்னால் தொங்கும் ஸ்போரன் பைக்குள் போட்டாயிற்று.