'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்: ஜெர்மனியில் என் பதினொரு மாதங்கள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்குப் படிக்கப் போன முதல் நாள் இரவு, பதினொரு மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைச் சத்தம் வராமல் கடிக்கப் பார்த்தேன். முறுக்கை அப்படிக் கடிக்க முடியாது.

நடந்தது இதுதான். மாலை ஆறரைக்கே சாப்பாட்டு மேசை போட்டுவிட்டார்கள். ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய்த் துண்டுகள். ராச்சாப்பாட்டுக்கு அங்கே அடுப்பு மூட்டாத வீடுகள் நிறைய. அந்தக் குளிர்ந்த சாப்பாட்டுக்கு அபெண்ட்ப்ரோட் என்று பெயர். ஒரு துண்டு சாப்பிட்டேன். "இன்னும் ஒன்று?" என்று ஹோஸ்ட் அம்மா, அதாவது என்னைத் தங்க வைத்துக்கொண்ட வீட்டு அம்மா, கேட்டார். "வேண்டாம், நன்றி" என்றேன். நம் ஊரில் அது முதல் 'வேண்டாம்', மூன்றாவதற்குத்தான் மதிப்பு. அவரோ தலையாட்டிவிட்டு ரொட்டிப் பெட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டார். மறுநாள் காலை, "ராத்திரி என்ன சத்தம், எலியா?" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, பதறிவிட்டார். "பசித்தால் ஏன் சொல்லவில்லை? எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கற்றுக்கொள்ளத்தான் மிச்ச மாதங்கள் ஆயின. இந்த வருடம் கிளம்பப் போகிறவர்கள் என்னிடம் விசா, உடுப்பு, மொழி என்று கேட்கிறார்கள். அதெல்லாம் எப்படியோ நடந்துவிடும். வாயைத் திறந்து கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

முதலில் அடிப்படை விவரம். நான் போனது ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தில், 2018 ஆகஸ்டில், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு. 15 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கான திட்டம். ஒரு கல்வியாண்டு, பெரும்பாலும் மூன்று குடும்பங்களில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தங்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை, விரும்பித்தான் வைத்துக்கொள்கிறார்கள். மாதாமாதம் அங்குள்ள ரோட்டரி சங்கம் கொஞ்சம் கைச்செலவுக்குத் தரும். விமான டிக்கெட், காப்பீடு, விசா நம் செலவு. அந்தச் செலவு முடியாதவர்கள், அமெரிக்காவில் படிக்க வைக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் 'யெஸ்' திட்டத்தைப் பாருங்கள். 2002-இல் தொடங்கிய அதில் செலவை அவர்களே ஏற்கிறார்கள். இந்திய மாணவர்களும் போயிருக்கிறார்கள்.

ரோட்டரியில் நான்கு விஷயங்களுக்குத் தடை: குடி, போதைப்பொருள், வண்டி ஓட்டுவது, காதல். முதல் மூன்றில் சந்தேகமே வராது. நான்காவதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிளம்பும் முன் இங்குள்ள பள்ளியில் எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே படிக்கும் வருடத்தை இங்கே பதினொன்றாம் வகுப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். நான் திரும்பி வந்து பதினொன்றில்தான் சேர்ந்தேன், என்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு. சொந்தக்காரர்கள் "ஒரு வருசம் போச்சே" என்று இரண்டு கல்யாணம் வரைக்கும் சொன்னார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள்.

பரிசுப் பொருள் என்று பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், எடைதான் மிச்சம். மதுரையிலிருந்து மூன்று சுங்குடிச் சேலை எடுத்துப் போனேன். மூன்று வீட்டிலும் அது மேசை விரிப்பாகிவிட்டது. நன்றாகவே இருந்தது.

நான் இருந்தது முன்ஸ்டர் நகரத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில். ஊரே சைக்கிளில் போகும். பள்ளியில் மதிப்பெண் தலைகீழ்: 1 என்றால் பிரமாதம், 6 என்றால் கதை முடிந்தது. முதல் அரையாண்டில் கணக்கு எழுத்துத் தேர்வில் 2 வாங்கினேன். வகுப்பில் பேசுவதற்குத் தனி மதிப்பெண் உண்டு, அதில் 5. வாத்தியாரிடம் போய் நின்றேன். "உன் குரலை நான் இன்னும் கேட்டதே இல்லையே" என்றார். கேட்டால் மட்டும் பதில் சொல்லி, மற்ற நேரம் கையைக் கட்டி உட்காருவதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று பத்து வருடம் பழகியவள் நான். அங்கே அது ஆர்வமில்லாததற்கு அடையாளம். ஒரு பாடவேளைக்கு இரண்டு தடவை கை தூக்குவது என்று கணக்கு வைத்துக்கொண்டேன். சொல்வது தப்பாக இருந்தாலும் சரி. ஆண்டு முடிவில் 3.

இரண்டாவது வீட்டில் நான்கு, ஆறு வயதில் இரண்டு வாண்டுகள். ஜெர்மன் சொல்லிக் கொடுத்தது அவர்கள்தான். தப்பாகப் பேசினால் தயவுதாட்சண்யமே இல்லாமல் திருத்துவார்கள். அந்த வீட்டில் ஒரே குளியலறை. இரண்டாம் வாரம் ஹோஸ்ட் அப்பா நேராக என்னிடம் சொன்னார்: "இருபது நிமிடம் குளிக்கிறாய். இங்கே ஐந்து நிமிடம்." அவ்வளவுதான், முன்னுரை கிடையாது. அறைக்குப் போய் அழுதேன். என்னைப் பிடிக்கவில்லை, வீடு மாற்றிவிடுவார்கள் என்று நானே கதை கட்டிக்கொண்டேன். காலையில் அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி எனக்குக் கொக்கோ கலக்கிக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை சொன்னதும் விஷயம் முடிந்தது. நம் வீடுகளில் பாத்திரத்தை 'டங்' என்று வைத்துக் கோபத்தைத் தெரிவிப்பார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

டிசம்பர்தான் கஷ்டம். பள்ளிக்குக் கிளம்பும்போது இருட்டு, மாலை நாலரைக்குத் திரும்பவும் இருட்டு. தினமும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். நேர வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி. நான் இரவு ஒன்பதுக்குப் பேசினால் அம்மாவுக்கு ஒன்றரை மணி. அவரும் தூங்காமல் காத்திருந்து, நான் அழுவதைப் பார்த்து அவரும் அழுது, இரண்டு பேருக்கும் மறுநாள் தலைவலி. ஞாயிறு மட்டும் பேசுவது என்று முடிவு செய்தோம். மற்ற நாள் மனசு சரியில்லையென்றால் கீழே போய் ஹோஸ்ட் அம்மாவிடம், "இன்று எனக்கு வீட்டு ஞாபகம்" என்று சொல்லிவிடுவேன். உருளைக்கிழங்கைக் கையில் கொடுத்து உரிக்கச் சொல்வார். அது போதும்.

இன்னொன்று, இதில் விளையாட்டே கிடையாது. யாராவது தொடுவதோ பேசுவதோ உங்களைப் பயமுறுத்தினால், அன்றைக்கே சொல்லுங்கள். உங்களுக்கென்று ஓர் ஆலோசகர் இருப்பார், அவர் அந்த வீட்டைச் சேர்ந்தவராக இருக்க மாட்டார். அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அவர் எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள். அப்பா அம்மா கவலைப்படுவார்கள் என்று மூடி மறைக்காதீர்கள்.

கோடையில் மூன்றாவது வீட்டு ஹோஸ்ட் அம்மா என்னை ஹாம் நகருக்குக் கூட்டிப் போனார். இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இருக்கிறது. 2002-இல் குடமுழுக்கு ஆனது, கோபுரத்தோடு. பத்து மாதம் கழித்து மல்லிகை வாசனை. அன்னதானத்தில் ஒரு அம்மா, "எந்த ஊர், பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே சோற்றைப் போட்டார். ஹோஸ்ட் அம்மாவின் தட்டிலும் போட்டார். அவர் சாப்பிட்டு முடித்து, "போதும், நன்றி" என்று தெளிவான ஜெர்மனில் சொன்னார். அதே ஜெர்மனில், "கொஞ்சம்தான், கொஞ்சம்தான்" என்றபடி இன்னொரு கரண்டி விழுந்தது. மறுபடி "வேண்டாம்". மறுபடி சாம்பார்.

ஹோஸ்ட் அம்மா திகிலோடு என்னைப் பார்த்தார். "வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள். கையால் தட்டை மூடுங்கள்" என்றேன்.