புள்ளிகளுக்கு இடையே இருந்த நிலம்: ஒரு தாக்க மதிப்பீட்டு அனுபவம்

காற்றாலைத் திட்டம் ஒன்று அங்குள்ள மக்களை எப்படிப் பாதிக்கும் என்று ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீட்டுக் குழுவில் நான் சேர்ந்தபோது, எந்தெந்த மேட்டில் கோபுரங்கள் நிற்க வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எங்களிடம் தரப்பட்ட வரைபடத்தில் அவை சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. அந்தப் புள்ளிகளுக்கு இடையே ஒரு பழங்குடிச் சமூகம் தலைமுறைகளாகக் கால்நடை மேய்த்துவருகிறது என்பதற்கு அதில் எந்த அடையாளமும் இல்லை. மேய்ப்பவர்கள் பெயரில் உரிமைப் பத்திரம் இல்லாததால், அந்தப் பரப்பு முழுவதும் 'பயன்பாட்டில் இல்லாத நிலம்' என்பதற்குரிய நிறத்தில் இருந்தது. பின்னர் நான் பட்ட சிரமங்களில் பாதி அந்த நிறத்தால் வந்தவை.

முதல் கட்ட வேலை எளிதாகவே முடிந்தது. வினாத்தாளுடன் வீடுவீடாகச் சென்று குடும்ப உறுப்பினர்கள், வருமானம், விளைநிலம், கால்நடை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டோம். பூட்டியிருந்த வீடுகளை 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுக் கடந்தோம். ஒரு வீடும் இடம்பெயர வேண்டியதில்லை, விளைநிலமும் போகவில்லை. காற்றாலைத் திட்டங்களில் அடித்தளமும் சாலைகளும் நேரடியாகப் பிடிக்கும் நிலம் திட்டப் பரப்பில் சிறு பங்குதான் என்பது பொதுவாக உண்மை. அந்தக் கணக்கை வைத்து, மேய்ச்சல் மீதான தாக்கம் 'குறைவு' என்று வரைவறிக்கையில் எழுதியவன் நான்தான்.

வரைவைச் சமூகத்தினர் முன் வாசித்த கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, "தம்பி, நீங்க எங்க வீட்டையெல்லாம் எண்ணிட்டீங்க. கோடையில நாங்க யாரும் வீட்டிலேயே இருக்கமாட்டோமே, அதை எதுல எண்ணினீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பூட்டியிருந்த வீடுகளின் ஆட்கள் அனைவரும், நாங்கள் புள்ளி வைத்திருந்த அதே மேடுகளில் மந்தைகளோடு தங்கியிருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நார்வேயின் ஃபோசன் தீபகற்ப வழக்கை நான் முழுமையாகப் படித்தது அதற்குப் பிறகுதான். அந்நாட்டுப் பழங்குடியினரான தென் சாமி (Sámi) மக்கள் குளிர்காலத்தில் ரெயின்டீர் மான்களை மேய்க்கும் நிலத்தில், ஸ்டோர்ஹெய்யா, ரோவான் என்னும் இரண்டு காற்றாலைப் பண்ணைகளில் 151 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவை இயங்கத் தொடங்கிய பிறகு, 2021 அக்டோபர் 11 அன்று, அவற்றுக்கான அனுமதி செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தம் பண்பாட்டைத் தொடரும் உரிமையைக் காக்கும், குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு மீறப்பட்டது என்பதே காரணம். கோபுரம் பிடித்த இடம் எவ்வளவு என்பது அங்கே முக்கியமாக இருக்கவில்லை. மான்கள் காற்றாலைகளை விட்டு விலகிப்போவதால் குளிர்கால மேய்ச்சல் நிலம் பயனற்றுப்போகிறது என்பதையே நீதிமன்றம் பார்த்தது. மான்களை அடைத்துத் தீவனம் போட்டால் போதும் என்ற மாற்றையும் அது ஏற்கவில்லை. ஆனால் காற்றாலைகளை என்ன செய்வது என்று தீர்ப்பு சொல்லவில்லை. அவை சுழன்றபடியே இருக்க, 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும்தான் மேய்ப்பவர்களோடு உடன்பாடுகள் எட்டப்பட்டன. மதிப்பீட்டில் விடுபட்டதைக் கட்டி முடித்தபின் சரிசெய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

களஆய்வை மறுபடி செய்ய அவகாசம் வேண்டும் என்று கேட்டோம். நிறுவனத்துக்கு அது உவப்பாக இல்லை. கடன் தரும் வங்கியின் சுற்றுச்சூழல், சமூகப் பிரிவும் அதே கேள்விகளை எழுப்பிய பிறகே அவகாசம் கிடைத்தது. இம்முறை வினாத்தாளை ஒதுக்கிவிட்டு மேய்ப்பவர்களோடு நடந்தோம். அவர்கள் நின்ற இடத்திலெல்லாம் நாங்களும் நின்று குறித்துக்கொண்டோம்: கோடையிலும் வற்றாத ஊற்று, சினையாடுகளைத் தனியே நிறுத்தும் சரிவு, மழை பொய்த்த ஆண்டில் மட்டும் திறக்கும் ஒதுக்கு மேய்ச்சல். கடைசியாகச் சொன்னதை எந்த ஓராண்டு ஆய்வும் கண்டுபிடித்திருக்காது, ஏனெனில் பெரும்பாலான ஆண்டுகளில் அங்கே ஒரு குளம்படிகூட இருக்காது. பெண்களிடம் பெண் ஆய்வாளர்கள் தனியே பேசியபோது, கோபுரங்களைவிடப் புதிய சாலைகளே அவர்களை அதிகம் அஞ்சவைத்தது தெரிந்தது. சாலை வந்தால் வெளியார் மந்தைகளும் மரம் வெட்டுவோரும் வருவார்கள் என்றார்கள். காற்றாலையின் ஓசையைப் பற்றி நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். சாலைக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தோம்.

ஒப்புதல் பற்றிய பகுதிதான் அதிக நாள் பிடித்தது. பழங்குடியினரின் நிலத்தைப் பாதிக்கும் திட்டத்துக்கு, அவர்களிடமிருந்து முன்கூட்டியே, தகவல்களை முழுமையாகத் தந்து, நெருக்கடியின்றி ஒப்புதல் பெறுவதற்காக அரசுகள் அவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று, பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் 32ஆவது பிரிவில் கூறுகிறது. தாக்க ஆய்வுகளையே அம்மக்களின் ஒத்துழைப்போடு நடத்த வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1989ஆம் ஆண்டு 169ஆவது உடன்படிக்கையில் உள்ளது. எங்கள் கோப்பிலோ கருத்துக்கேட்புக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு மட்டுமே இருந்தது. அதிலிருந்த கையெழுத்துகளை 'ஒப்புதல்' என்ற தலைப்பின்கீழ் யாரோ சேர்த்திருந்தார்கள். வந்ததற்குப் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது என்று எழுதி அவற்றை நீக்கினோம்.

யார் பேசினால் சமூகம் பேசியதாகும் என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும் என்று காத்திருந்தோம். பல கூட்டங்கள் கூடிக் கலைந்தன. ஒரு பிரிவினர் கடைசிவரை இசையவில்லை. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின், பழங்குடியினர் பற்றிய ஏழாம் செயல்திறன் தரநிலைப்படி ஒப்புதலுக்கு ஒருமித்த கருத்து கட்டாயமில்லை என்பதால், விதிப்படி அவர்களின் மறுப்பைக் கடந்துவிடலாம். அந்த விதி நியாயமானதுதானா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. அவர்கள் சொன்ன காரணங்களைச் சுருக்காமல், அவர்கள் சொற்களிலேயே அறிக்கையின் முதன்மைப் பகுதியில் வைத்தோம். பின்னிணைப்புக்குத் தள்ளச் சொன்ன யோசனையை ஏற்கவில்லை.

இன்னொரு சிக்கலும் வந்தது. சில வழிபாட்டிடங்களை வரைபடத்தில் காட்டக் கூடாது என்றார்கள். காட்டாவிட்டால் எப்படித் தவிர்ப்பது என்று பொறியாளர்கள் கேட்டார்கள். இத்தகைய அறிவின் இரகசியத்தைக் காப்பதும் மதிப்பீட்டாளரின் பொறுப்பு என்பதை, உயிரியல் பன்மய உடன்படிக்கையின்கீழ் 2004இல் ஏற்கப்பட்ட அக்வே கோன் வழிகாட்டு நெறிகளும் வலியுறுத்துகின்றன. எனவே அவ்விடங்களைத் தாராளமாகச் சூழ்ந்த பெரிய பரப்புகளை, காரணம் குறிப்பிடாமல், 'கட்டுமானம் கூடாது' என்று மட்டும் அடைத்துக்காட்டினோம்.

முடிவில் சில கோபுரங்கள் இடம் மாறின, சில கைவிடப்பட்டன. சினையாடுகளின் சரிவும் ஒதுக்கு மேய்ச்சலும் தப்பின. ஊற்றின் அருகே செல்லும் சாலையை மாற்ற முடியவில்லை. வெளியாரைத் தடுக்க அதற்குக் கதவு போடுவது என்றும், சாவி சமூகத்தினரிடம் இருப்பது என்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. அறிக்கையை ஒப்படைத்த பிறகுதான், மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லும் உயர் அழுத்தத் தடம் தனித் திட்டமாகப் பதிவாகியிருப்பதும், அதன் மதிப்பீடு வேறொரு குழுவிடம் இருப்பதும் தெரியவந்தது. சமூகத்தினரின் அனுமதியோடு எங்கள் வரைபடத்தை அக்குழுவுக்கு அனுப்பினோம். அவர்கள் வைத்திருந்த வரைபடத்தில் அந்த மேடுகள் இன்னும் பழைய நிறத்திலேயே இருந்தன.