வளிமண்டல ஆற்றல் சமநிலை: நெட் தேர்வுக்குப் படித்த வழி

இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் (ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) புவி அறிவியல் தாளை எழுத நினைப்பவர்களில் பலர், வளிமண்டலப் பகுதியைச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். கீழக்கரையில் வீட்டிலிருந்தபடியே அத்தாளுக்குப் படித்தவன் என்ற முறையில் நான் பரிந்துரைப்பது வேறு. கணினியைத் திறக்கும் முன், புவியின் வெப்பநிலையைக் கணிக்கும் மாதிரியைக் கையால் கணக்கிட வேண்டும். கிடைத்த விடையை, அதனோடு தொடர்பில்லாத இன்னொரு வழியில் சரிபார்க்கவும் வேண்டும்.

தொடக்கம் எளிது. வளிமண்டலத்தின் உச்சியில், சூரியனை நேர்கொண்டிருக்கும் ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் ஆற்றல் வந்து சேர்கிறது. ராமேஸ்வரம் ஏறத்தாழ 9.3 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை முதல் நாளை ஒட்டி நண்பகலில் சூரியன் அங்கே தலைக்கு நேர்மேலே வருகிறது. செங்குத்தான கம்பத்துக்கு நிழலே விழாது. அந்தக் கணத்தில் அந்த இடத்துக்கு மேலே வளிமண்டல உச்சியில் விழுவது முழு 1361 வாட். ஆனால் இரவையும் துருவங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், வட்டப்பரப்பில் வாங்கிய ஆற்றலைக் கோளப்பரப்பு முழுவதும் பங்கிட வேண்டியிருப்பதால், அது நான்கில் ஒன்றாகி 340 வாட் ஆகிறது. அதில் 30 விழுக்காட்டை மேகமும் பனியும் நிலமும் திருப்பி அனுப்பிவிட, எஞ்சுவது 238 வாட். ஒரு பொருள் உமிழும் ஆற்றல் அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்கிற ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மேன் விதியில் இதை இட்டால் 255 கெல்வின், அதாவது உறைநிலைக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் கிடைக்கிறது. புவிப்பரப்பின் உண்மையான சராசரியோ 288 கெல்வின்.

இந்த 33 பாகை இடைவெளியை நிரப்புவதில்தான் பாடமே இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரை முழுவதும் உறிஞ்சும் ஓர் அடுக்கை வளிமண்டலமாக வைத்தால், தரையின் வெப்பநிலை 255ஐ இரண்டின் நான்காம் மூலத்தால் பெருக்கிய 303 கெல்வின் ஆகிவிடுகிறது, இது மிகை. அந்த அடுக்கின் உமிழ்திறனை, அதாவது அது அகச்சிவப்பை உறிஞ்சி உமிழும் விகிதத்தை, 1இலிருந்து 0.78 ஆகக் குறைத்தால் 288 கிடைக்கிறது. ஆனால் 0.78 என்பது யாரும் அளந்தெடுத்த மதிப்பன்று. விடை சரியாக வருவதற்காகத் திருகி வைக்கப்பட்ட எண். அடுக்கைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று எண்ணி, முழுதும் உறிஞ்சும் இரண்டு அடுக்குகளை வைத்துப் பார்த்தால் தரை 336 கெல்வினுக்குக் கொதிக்கிறது. கதிர்வீச்சு ஒன்றைக் கொண்டே கணக்கு முழுவதையும் முடிக்க முடியாது என்பதை இந்த எண் எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

விடுபட்டுப்போனது ஆவியாதலும், சூடான காற்று மேலெழுந்து வெப்பத்தைக் கொண்டுசெல்லும் வெப்பச்சலனமும். இதை உணர்ந்துகொள்ள வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கோடையில் ஒரு நாளில் பாத்தியில் 6 மில்லிமீட்டர் நீர் வற்றுவதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் அது 6 கிலோ நீர். ஒரு கிலோ ஆவியாக 2.45 மெகா ஜூல் தேவை என்பதால், நாள் சராசரியாக 170 வாட் ஆற்றல் நீராவியோடு மேலே போகிறது. உப்பு முதிர முதிர ஆவியாதல் மந்தமாகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது இதே கணக்கைப் புவி முழுவதற்கும் தலைகீழாகப் போடலாம். உள்ளுறை வெப்பமாக, அதாவது நீராவியோடு, மேலே செல்வது சராசரியாக 80 வாட் என்று பாடநூல்கள் தருகின்றன. அது நாளொன்றுக்கு 2.8 மில்லிமீட்டர் நீருக்கும், ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலான நீருக்கும் சமம். ஏறியது இறங்கித்தான் ஆக வேண்டும். உலகின் சராசரி ஆண்டு மழையளவும் ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆனால் அந்த 80 வாட் பெரும்பாலும் மழையளவிலிருந்தே கணிக்கப்படுவதால், இதை நான் முதலில் சொன்ன தொடர்பற்ற சரிபார்ப்பாகக் கொள்ளாமல், எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்ற சோதனையாகவே கொள்ள வேண்டும்.

வெப்பச்சலனத்தையும் சேர்த்து 1967இல் காலநிலை அறிவியலாளர்களான மனாபேயும் வெதரால்டும் அமைத்த ஒற்றைப் பரிமாண மாதிரி, கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பநிலை சுமார் 2.3 பாகை உயரும் என்றது. மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. புடிகோ, செல்லர்ஸ் ஆகியோரின் 1969ஆம் ஆண்டு மாதிரிகளில் பனி–எதிரொளிப்புப் பின்னூட்டத்தை (பனி குறைந்தால் எதிரொளிப்பு குறைந்து வெப்பம் மேலும் கூடுவதை) மட்டும் புரிந்துகொண்டால் தேர்வுக்குப் போதும் என்பது என் கருத்து.

விரைவாக விடையளிக்க ஓர் உத்தி உண்டு. வெப்பநிலை, ஆற்றலின் நான்காம் மூலமாக மாறுவதால், ஆற்றலில் ஒரு விழுக்காடு மாறினால் வெப்பநிலையில் கால் விழுக்காடுதான் மாறும். எதிரொளிப்பு 0.30இலிருந்து 0.31 ஆனால் 255 கெல்வின் சுமார் 0.9 குறையும் என்பதை இவ்வழியில் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

பைத்தான் நிரல்மொழியில் நேரத்தோடு மாறும் மாதிரியை எழுதுபவர்கள் வெப்பக் கொள்ளளவைக் கவனிக்க வேண்டும். புவியில் மிஞ்சும் ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. மேற்பரப்பில் நன்கு கலந்திருக்கும் 50 மீட்டர் கடல்நீரை மட்டும் எடுத்துக்கொண்டால், பின்னூட்டங்கள் இல்லாத நிலையில் காலமாறிலி (மாற்றத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிகழ எடுக்கும் காலம்) இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. வளிமண்டலத்துக்குத் தனியாக ஏறத்தாழ ஒரு மாதம். ஆகவே கடலுக்கான சமன்பாட்டை ஒரு மாத இடைவெளியில் முன்னகர்த்துவது போதுமானது. வளிமண்டலச் சமன்பாட்டையும் உடன் சேர்த்தால் இடைவெளியை ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.