ஆறு நூல் காடி

கோத்தகிரியில் பட்டறை போட்ட இரண்டாவது வருடம், பன்னிரண்டு போட்டோ பிரேமுக்கு ஆர்டர் வந்தது. குன்னூர் பக்கம் ஒரு பழைய பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய ஜன்னல்களின் தேக்கைக் கொடுத்து, இதிலேயே செய்யுங்கள் என்றார்கள். வைரம் பாய்ந்த மரம். வெயிலையும் மழையையும் அத்தனை வருடம் வாங்கியும் ஒரு இடத்தில்கூட முறுக்கவில்லை. அப்படிப்பட்ட மரம் கைக்கு வந்தால் ஒரு அங்குலத்தைக்கூட வீணாக்க மனம் வராது.

முதல் பிரேமில் மூன்று மூலை ஒட்டி உட்கார்ந்தது. நாலாவது மூலை வாய் பிளந்து நின்றது. கணக்கு எளிதுதான்: ஒரு பிரேமுக்கு 45 டிகிரியில் எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் கால் டிகிரி பிசகினால், எல்லாம் சேர்ந்து கடைசி மூலையில் இரண்டு டிகிரி. இரண்டு இன்ச் அகலச் சட்டத்தில் அது இரண்டு மில்லிக்கு மேல் திறந்து நிற்கும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடலாம், பாலிஷ் போட்டால் வாங்குபவருக்குத் தெரியாமலே போகலாம். அந்தத் தேக்கில் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

மேடை நடுவில் வட்ட பிளேடு சுற்றும் டேபிள் சாவோடு வந்த மைட்டர் கேஜ், அதாவது மரத்தைக் கோணத்தில் பிடித்து பிளேடுக்குத் தள்ளும் கருவிதான் காரணம் என்று முடிவுகட்டி, மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போனேன். ஒரு கடையில் அலுமினிய கேஜ் ஒன்றைக் காட்டினார்கள். டிகிரிக்கு டிகிரி பள்ளம், மரத்தைச் சாய்க்க நீளமான ஃபென்ஸ், அதன் மேல் ஒரே நீளத்துக்கு வெட்ட மரம் முட்டி நிற்கும் மடங்கு ஸ்டாப். கையில் எடுத்ததுமே பிடித்துப்போனது. ஊருக்கு வந்து, மேடையில் கேஜ் ஓடுகிற நீளப் பள்ளமான காடியில் இறக்கினால், கீழே ஓடும் பட்டை பக்கவாட்டில் ஆடியது. திருப்பி எடுக்கச் சொன்னதற்குக் கடையில் முடியாது என்றுவிட்டார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியப்பா அப்போது அரவேணுவில் இருந்தார். வந்து பார்த்தவர் கேஜின் டிகிரி எழுத்துகளைப் பார்க்கவேயில்லை. பட்டையை விரலால் இடமும் வலமுமாக ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் கண்ணு, காடியை அளந்தியா?”

அளக்கவில்லை. பத்து இன்ச் பிளேடு போடும் பெரிய மிஷின்களில் காடி பெரும்பாலும் முக்கால் இன்ச் அகலம், 3/8 இன்ச் ஆழம். பெரியப்பா பாஷையில் ஆறு நூல் அகலம், மூன்று நூல் ஆழம்; ஒரு நூல் என்பது 1/8 இன்ச். தனியாக விற்கும் கேஜ்கள் பெரும்பாலும் இதற்குத்தான் செய்யப்படுகின்றன. சின்ன மிஷின்களில் அந்த அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. சிலவற்றில் காடியின் இரு முனைகளிலும்கூட ஒரே அகலம் இருப்பதில்லை. என் காடி, பட்டையைவிட அரை மில்லி அகலம். பட்டை ஆடினால் மேலே இருக்கும் டிகிரி பள்ளம் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. தள்ளும் கை அழுத்துகிற பக்கம் தலை சாயும்.

பெரியப்பா பட்டையின் பக்கவாட்டில் பஞ்ச் வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி குத்தினார். குத்திய இடத்தைச் சுற்றி இரும்பு கொஞ்சம் எழும்பும். காடியில் விட்டுப் பார்த்து, இறுகும் இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி விட்டுப் பார்த்தார். அரைமணி நேரத்தில், மெழுகு தடவியது போல ஆட்டமில்லாமல் ஓடியது. இப்போது வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: பட்டையிலேயே சின்ன ஸ்க்ரூ வைத்து, ஆலன் கீயால் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். டிகிரி பள்ளங்களின் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம்.

அப்புறம் மிஷின். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் பென்சில் குறி போட்டு, காடியிலிருந்து அந்தப் பல்லின் தூரத்தை முன்பக்கம் அளந்தோம். பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் அளந்தோம். வித்தியாசம் வந்தது. மேடைக்கு அடியில் இருந்த போல்ட்களைத் தளர்த்தி நேராக்கினோம். பிளேடே காடிக்குக் கோணலாக இருந்தால் எந்த கேஜும் உதவாது.

சதுரம் பார்க்க மூலைமட்டத்தை மட்டும் நான் நம்புவதில்லை. 40 சென்டிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து, வெட்டிய பக்கத்தை ஃபென்ஸில் சாய்த்து அடுத்த பக்கம் என்று நான்கு பக்கமும் வெட்டுவேன். ஐந்தாவதாக, முதலில் வெட்டிய பக்கத்தையே மறுபடி வெட்டி ஒரு பட்டைத் துண்டு எடுப்பேன். அதன் இரு முனைகளின் அகலத்தையும் வெர்னியரில் அளந்தால், பிசகு நாலு மடங்காகப் பெருகித் தெரியும். அன்று முதல் தடவை 2.4 மில்லி வந்தது. நாலால் வகுத்தால் 0.6. கேஜின் தலையைத் திருத்தித் திருத்தி, ஆறாவது துண்டில் 0.2க்குக் கொண்டுவந்தோம்.

கேஜில் மரத்தால் ஒரு நீள ஃபென்ஸ் வைத்துத் திருகிக்கொள்வது நல்லது. வெட்டுகிற இடத்துக்குப் பின்னால் மரம் தாங்கினால் பிசிறு எழும்பாது. நான் முதலில் சில்வர் ஓக்கில் செய்தேன். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்காக மழையும் பனிமூட்டமும் உட்கார்ந்துகொண்டபோது அது வில்லாக வளைந்துவிட்டது. இந்த மலையில் 18 மில்லி பிளைவுட்தான் சரி. ஸ்டாப் கட்டையின் கீழ்முனையைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரக்காற்றில் மரத்தூள் அங்கேயே அப்பிக்கொள்ளும், அடுத்த துண்டு அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளம் இல்லையென்றால் 45 டிகிரி சரியாக இருந்தும் மூலை சேராது.

நீளவாக்கில் கிழிக்கும்போது மரம் உரசி ஓடும் ரிப் ஃபென்ஸில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முன்பக்கம் மட்டும் பூட்டும் சில மலிவு ஃபென்ஸ்களில், லிவரை அழுத்தும்போது வால், அதாவது பின்முனை, நகர்ந்துவிடும். வால் பிளேடு பக்கம் சாய்ந்தால் மரம் நடுவில் சிக்கி, நம்மைப் பார்த்துப் பாயும். கற்பூர மரத்தில், அதாவது யூகலிப்டஸில், ஆபத்து இன்னும் அதிகம். உள்ளே இறுக்கம் பிடித்த மரம் அது, கிழிக்கக் கிழிக்க வாய் மூடிக்கொள்ளும். ஒரு நாள் தீய்ந்த வாசனை வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டேன். பார்த்தால் சட்டம் பிளேடின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. வெட்டு வாய் மூடாமல் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடுதான் ரைவிங் நைஃப்; சுத்தம் செய்யக் கழற்றி வைத்த அதை அன்று நான் திரும்ப மாட்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அதில்லாமல் ஒரு துண்டும் கிழித்ததில்லை. குறுக்கே வெட்டும்போது மைட்டர் கேஜையும் ரிப் ஃபென்ஸையும் ஒன்றாக வைத்து வெட்டவே வெட்டாதீர்கள். துண்டாகும் கட்டை இரண்டுக்கும் நடுவில் மாட்டும். அளவுக்கு ஃபென்ஸ் வேண்டுமென்றால், பிளேடுக்கு முன்னாலேயே முடிந்துவிடும் ஒரு குட்டைக் கட்டையை அதில் கிளாம்ப் போடுங்கள்.

பன்னிரண்டு பிரேமும் நாலு மூலை சேர்ந்து போய்ச்சேர்ந்தன. பெரியப்பா ஒவ்வொரு மூலையிலும் நகத்தை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பாலிஷ் டப்பாவைத் திறக்க விட்டார்.

போன வாரம் கூடலூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். எந்த கேஜ் வாங்கலாம் அண்ணே, இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டுமே முக்கால் இன்ச் பட்டை என்றார். முதலில் காடியை இரண்டு முனையிலும் அளந்து அனுப்புங்கள் என்றேன். சாயங்காலம் அனுப்பினார்: இரண்டு பக்கமும் 16 மில்லி.

இரண்டில் எதை வாங்கியிருந்தாலும் அவர் காடிக்குள் இறங்கியே இருக்காது.