லுவாங் பிரபாங்கிலிருந்து ஹனோய்: அந்தப் பஸ்ஸில் மட்டும் ஏறாதீர்கள்

ஹனோய் வந்து குளித்து, வயிறார உண்டு, தூங்கி எழுந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. எங்கள் லாவோஸ், வியட்நாம் பயணத்தைப் பற்றி விசா, பணம், தங்குமிடம் என்று வரிசையாக எழுதுவதாக முன்பு சொல்லியிருந்தேன். அதெல்லாம் பிறகு. முதலில் பஸ்.

லாவோஸின் லுவாங் பிரபாங்கிலிருந்து ஹனோய்க்கு நேரடிப் படுக்கை பஸ் என்று டிக்கெட் விற்கிறார்கள். இருபத்துநான்கு மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் டிக்கெட்டில் படுக்கை எண் தெளிவாகப் போட்டிருந்தது. ஏறிப் பார்த்தால் அந்தப் படுக்கைகளில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. நடக்கும் வழியெல்லாம் மூட்டைகள், மூட்டைகளின் மேல் ஆட்கள். டிக்கெட்டை நீட்டினால் நடத்துநர் பார்க்கவே மறுத்து, பின்கோடியைக் கைகாட்டினார். அங்கே முன்பின் தெரியாத மூவருடன் தோளோடு தோள் ஒட்டிப் படுக்க வேண்டும். கழிப்பறை கிடையாது. "இறங்கிவிடலாமா?" என்று என் கணவர் கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். விடிவதற்கு முன்பே எல்லைக்கு வந்துவிட்டோம், ஆனால் சாவடி காலையில்தான் திறக்கும். அதுவரை வண்டிக்குள் உட்காரவும் விடவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிரில் கைக்குழந்தையுடன் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். காசு வாங்கிக்கொண்டு மனிதர்களை இப்படி நடத்த எப்படித்தான் மனம் வருகிறதோ!

இந்த வழியில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வியட்நாம் இ-விசா விண்ணப்பத்தில் எந்த இடம் வழியாக நுழையப் போகிறோம் என்று குறிப்பிட வேண்டும். எங்களுடன் வந்த ஓர் இளைஞரின் விசாவில் ஹனோய் விமான நிலையம் என்று இருந்தது. அவரை நெடுநேரம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். பஸ் எந்தச் சாவடி வழியாகப் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பியுங்கள்.

மாற்று வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட லாவோஸ்-சீன ரயில், லுவாங் பிரபாங்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. அங்கிருந்து ஹனோய்க்கு விமானம். செலவு கூடத்தான் செய்யும். ஆனால் பஸ் அலுப்புத் தீரக் கூடுதலாக எடுத்த அறை வாடகை, முதுகுவலி மாத்திரை, பாழாய்ப்போன பகல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நாங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை.

நேரம் பிடிக்கும் பயணம் எல்லாமே மோசம் என்று எண்ணிவிடாதீர்கள். தாய்லாந்து எல்லையோரம் இருக்கும் ஹுவாய் சாயிலிருந்து மீகாங் ஆற்றில் இரண்டு நாள் படகில்தான் லுவாங் பிரபாங் வந்தோம். இந்தச் சுற்றில் நாங்கள் கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல பயணம் வேறில்லை! நீண்டு ஒடுங்கிய மரப்படகு. பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகள். மண்ணிறத் தண்ணீர், கூர்கூராகத் துருத்தும் பாறைகள், மணல்திட்டில் இறங்கி மூட்டையோடு காட்டுக்குள் நடந்து மறையும் கிராமத்து மனிதர்கள். இரவு பாக்பெங் என்ற கரையோர ஊரில் தங்கல். மறுநாள் "நாம் ஊ" என்ற ஆறு வந்து கலக்கும் இடத்தில், செங்குத்துப் பாறையின் குகைகளில் புத்தர் சிலைகள் குவிந்திருக்கும் பாக் ஊவைக் கடக்கும்போது எல்லோரும் எழுந்து பார்க்க, படகே ஒரு பக்கம் சாய்ந்தது. இதே தூரத்தை விசைப்படகு ஒரே நாளில் கடக்கிறது, பயணிகளுக்குத் தலைக்கவசம் மாட்டி. அந்தப் பாறைகளைப் பார்த்த பிறகு அதில் ஏறச் சொல்லி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஹனோய் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு டாக்சிக்காரர் வியட்நாம் பணத்தில் ஐந்து லட்சம் டாங் கேட்டார். செல்பேசிச் செயலியில் அதே தூரத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம்தான் காட்டியது. நகரப் பஸ்ஸிலோ ஆளுக்குப் பத்தாயிரம் டாங் அளவில் முடிந்துவிடும். களைத்து இறங்குபவர்களிடம் ஐந்து மடங்கு கேட்பது பகல் கொள்ளை. பஸ்ஸிலேயே போனோம். நோட்டுகளிலும் கவனம் வேண்டும்: இருபதாயிரமும் ஐந்து லட்சமும் இரண்டுமே நீலம். நாங்கள் ஐந்து லட்ச நோட்டுகளைத் தனி உறையில் வைத்திருக்கிறோம். கொடுக்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நாங்கள் அசைவம் சாப்பிடுவதில்லை. லாவோஸில் பப்பாளிக்காய் சாலட்டில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவதால், மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசியை வைத்தே பல வேளைகளை ஓட்டினோம். வியட்நாமில் கதை வேறு. "சாய்" என்று பலகை மாட்டிய சைவக் கடைகள் இருக்கின்றன. சந்திர நாட்காட்டியின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், அந்த நாட்களில் கடைகள் நிரம்பி வழியும். நாங்கள் போனது பௌர்ணமியன்று. மிளகில் சுண்டிய காளான், எலுமிச்சைப்புல் மணக்கும் சோயா கட்டி, பலாப்பிஞ்சு, சூடான சோற்றின் மேல் எள்ளும் வேர்க்கடலையும் இடித்த உப்புப்பொடி. என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டை மட்டும் மறுபடி நீட்டிக்கொண்டிருந்தார். தாராளமாகச் சாப்பிட்டும் பில் அந்த டாக்சிக்காரர் கேட்டதில் பாதிகூட வரவில்லை!

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாக: தம்பதியாகப் போகிறவர்கள் கூட்டு அறையில் இரண்டு கட்டில் எடுப்பதற்கு முன் சிறு விடுதிகளில் தனி அறை வாடகையைக் கேளுங்கள். பல ஊர்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. செலவை நாள் கணக்காகப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். மாதக் கணக்காகப் பார்க்கிறோம். பசியோடு இருக்கும்போது டிக்கெட் எதையும் வாங்குவதில்லை என்றும் இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

ஹாலாங் விரிகுடாவில் படகில் இரவு தங்கும் சுற்றுலா வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அந்தப் பணத்தில் எங்களுக்குப் பல நாள் ஓடும். சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே நின் பின் என்ற ஊரிலும் படகுகள் போகின்றன, துடுப்புப் படகுகள். இங்கிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். நாளைக் காலை கிளம்புகிறோம்.