ஐப்பசி மழைக்கு முன் விறகு

செப்டம்பர் 12

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு இடையில், ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் அடிக்கிற வெயிலை நம்பித்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் திருவட்டாறு பக்கத்து வீடுகளில் விறகு சேர்க்கிறோம். வடகிழக்கு மழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். குளிர்காலம் என்று சொல்லத்தக்க குளிர் இங்கே இல்லை என்றாலும், ஈர விறகோடு மல்லுக்கட்டும் மழைக்காலம் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

இன்று ரப்பர் விறகு ஒரு டெம்போ வந்து இறங்கியது. பால் வற்றிய பழைய தோட்டத்தை மறுநடவுக்காக வெட்டும்போது தடிகள் பிளைவுட் ஆலைக்குப் போய்விடும். கொப்புகளும் வளைந்த துண்டுகளுமே அடுப்புக்கு மிஞ்சும்.

செப்டம்பர் 14

விறகு கீற வந்த அண்ணாச்சிக்கு எழுபது வயதுக்குக் குறையாது. ரப்பர் பச்சையாக இருக்கும்போதே நேராகப் பிளந்துவிடும் என்பதால் மத்தியானத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. வேலை வாங்கியது, போன ஆண்டு காற்றில் முறிந்த புளியங்கொம்பின் அடித்துண்டுதான். நான் நடுவில் கோடாலியைப் போட்டதைப் பார்த்துவிட்டு, "கணுவுல வெட்டாத மக்கா, ஓரத்துல இருந்து உரிச்சிட்டு வா" என்றார். ஓரம் ஓரமாகச் சிராய்களைக் கழற்றிய பிறகு, கை அகலக் கணு ஒன்று மட்டும் நடுவில் நின்றது. அதற்கு இரும்பு ஆப்பு வைத்து, கோடாலியின் பின்புறத்தால் அடிக்க வேண்டியிருந்தது. புளியங்கனல் நெடுநேரம் நிற்கும் என்பதால் இந்தப் பாடு வீண் அல்ல.

செப்டம்பர் 21

விறகை வெட்டுக்கல்லின் மேல் இரண்டு தடிகளைப் போட்டு, தரையில் படாமல் அடுக்கியாயிற்று. நேராக மண்ணில் அடுக்கினால் சிதல் (கரையான்) ஏறும், ஈரமும் ஏறும். சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன். காற்றுப் போக வேண்டும் என்பது ஒரு காரணம், விரியனும் தேளும் பதுங்கினால் டார்ச் அடித்துப் பார்க்க முடியும் என்பது மற்றொன்று. மேற்பக்கத்தை மட்டும் தார்ப்பாயால் மூடினால் போதும். நான்கு பக்கமும் இழுத்து மூடுகிறவர்கள் விறகைக் காய வைப்பதில்லை, புழுங்க வைக்கிறார்கள்.

செப்டம்பர் 29

தோவாளையில் மைத்துனர் வீட்டிலிருந்து கன்னிப்பூ (முதல் போகம்) நெல் கொஞ்சம் வந்தது. முற்றத்தில் அண்டா வைத்து அவித்தோம். இதற்கு நல்ல விறகை யாரும் செலவழிப்பதில்லை. தென்னை மட்டை, கொதும்பு (காய்ந்த பாளை), தொண்டு (தேங்காயின் நார் மட்டை) ஆகியவையே போதும்.

அக்டோபர் 9

மாமி கேட்டார்கள்: "கேஸ் இருக்கும்போது இவ்வளவு எதுக்கு மக்கா?" 14.2 கிலோ சிலிண்டரைக் குளிக்கிற வெந்நீருக்கும் மரச்சீனிக் கிழங்கு அவிக்கவும் எரித்தால் மாதம் தாண்டாது என்று சொன்னேன். அவர்களுக்கும் மண்சட்டி மீன்குழம்பு விறகடுப்பில்தான் ஆக வேண்டும் என்பதை நினைவூட்டவில்லை.

இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தேன். ரப்பர் வெண்கலம் போல ஒலித்தது. புளி இன்னும் மொத்தென்றுதான் கேட்கிறது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர் என்பதால், காயாமல் எரித்தால் தீயின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். வெட்டுமுனையில் நுரை தள்ளும், வீடெல்லாம் புகை மண்டும். புளியைத் தை மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

அக்டோபர் 24

மழை பிடித்துவிட்டது. காலையில் அடுப்பு மூட்ட ஓலைச் சூட்டும் நாலு சிரட்டையும் போதுமானதாக இருந்தன. சிலர் ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் வடிந்து உறைந்த ரப்பர் பாலை, கொளுத்துகிறார்கள். சட்டென்று பற்றும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கரும்புகையையும் நாற்றத்தையும் சமையலறைக்குள் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 30

2017இல் இதே நாளில்தான் ஒக்கி புயல் வீசியது. ரப்பர் தோட்டங்கள் சாய்ந்து கிடந்தன. சுற்றிலும் மரமாகக் கிடந்தும், அந்த மார்கழியில் அடுப்புக்கு ஆன விறகு இல்லை. ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம். நனைந்து கிடந்தால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும். இந்த விறகை இரண்டு மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் அதனாலேயே சரிப்படாது.

டிசம்பர் 6

ரப்பர் அடுக்கு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. சேர்ந்த சாம்பலை மழை படாமல் மூடியுள்ள வாளியில் வைத்திருக்கிறேன். நனைந்தால் அதிலுள்ள சாம்பல்சத்து கரைந்து போய்விடும். மழை நின்றதும் தென்னை மூட்டில் போட வேண்டும். இன்னும் அரை டெம்போ விறகுக்கு அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தாயிற்று.